இப்போதைக்கு முக்குளிப்பான்

போன வருஷம் கேட்டிருந்தால்
கறிதோசை என்றிருப்பேன்.
அடியில் மாவு, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி,
மூன்று மாடி வீட்டை
வெறுங்கையால் இடித்துத் தின்கிற சுகம்.
அதற்கும் முந்தின வருஷமென்றால்
நாகமலை முதுகில் ஏறி
புல்லூத்துக்கு மேலே
கால் உதறி நின்றதைச் சொல்லியிருப்பேன்.
முழங்கால் இப்போது ஒத்துக்கொள்வதில்லை.
கறிதோசையோடு சண்டை ஒன்றும் இல்லை,
சும்மா, போக்குவரத்து குறைந்துவிட்டது.
ஜிகர்தண்டாவா?
அது விருந்தாளி வந்தால்.

இந்தத் தையில் கேட்டதால் சொல்கிறேன்:
காலை ஐந்தே முக்கால்,
மாடக்குளம் கண்மாய்க் கரை,
சகாயராணியின் ஸ்டாண்டு சரியாக நிற்காத ஸ்கூட்டி,
ஒரு முக்குளிப்பான்,
இரண்டு டம்ளர் பருத்திப்பால்.

சகாயராணி ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில்
அடுத்தவர் நெஞ்சின் மேடுபள்ளத்தைக்
காகிதத்தில் இறக்கிவிட்டு வருகிறவள்.
நான் சிம்மக்கல் பைப் கடைக்குக்
கணக்கெழுதப் போகிறவள்.
அவளுக்கு முடிகிற நாளும்
எனக்குத் தொடங்குகிற நாளும்
இந்தக் கரையில் முக்கால் மணி நேரம்
தோள் உரசிக்கொள்ளும்.

பறவை பார்க்கிற ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.
கழுத்தில் பைனாகுலர் மாட்டிய பையன்கள்
ஞாயிற்றுக்கிழமை வருவார்கள்.
அவர்கள் புண்ணியத்தில் நாலு பெயர் தெரியும்.
நெற்றியில் வெள்ளை பூசியிருந்தால் நாமக்கோழி.
சகாயராணிக்கு மிச்சமெல்லாம் கொக்கு,
கொக்கு இல்லையென்றால் வாத்து.

முக்குளிப்பான் மட்டும் வேறு.
கைக்குள் அடங்கும் பழுப்பு உருண்டை.
பார்த்துக்கொண்டே இருப்போம்,
சொல்லாமல் கொள்ளாமல் முங்கிவிடும்.
தண்ணீர் ஒரு தடவை நெளிந்து
யாரும் போகாத மாதிரி மூடிக்கொள்ளும்.

அங்கேதான் பந்தயம்.
எந்தப் பக்கம் எழும்?
அவள் ஒரு கை காட்டுவாள், நான் ஒரு கை.
தப்பிப்போனவள் பருத்திப்பாலுக்குக் காசு.
ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவோம்.
பதினெட்டில் ஒருநாள் எழுந்தது.
இருபத்துநாலில் ஒருநாள்,
அலகில் துடிக்கிற கெண்டைக்குஞ்சோடு.
எண்ணுகிற வரைக்கும்
நகைக்கடன், ஜிஎஸ்டி,
அவள் மகனுடைய அரியர், என் கொழுந்தன் பேச்சு
எதுவும் மேலே வராது.
பறவை வந்தபிறகுதான் ஒவ்வொன்றாக வரும்.

மாயழகு வண்டி புளியமரத்தடியில்.
பித்தளைக் குண்டானில் கருப்பட்டி நிறம்,
நாக்கில் இனிப்பு, தொண்டையில் சுக்கு,
மேலே ஒரு சிட்டிகை தேங்காய்ப்பூ.
மாட்டுக்கு வைக்கிற கொட்டையில்
மனுஷன் எடுத்துக்கொண்ட பங்கு.
அடியில் தங்கும் அரிசி நொய்யை
டம்ளரைக் கவிழ்த்துத் தட்டித்தான் வாங்க வேண்டும்,
கௌரவம் பார்த்தால் நஷ்டம்.

ஊரே அலங்காநல்லூருக்குக் கிளம்பிப் போன அன்று
கரையில் நாங்கள் மட்டும்.
அவள் மடைப் பக்கம் என்றாள்,
நான் கருவேலம் நிழல் என்றேன்.
முங்கியது.
முப்பது.
நாற்பது.
திருப்பரங்குன்றத்துப் பாறை சிவந்து
மறுபடி பாறையாகிவிட்டது.
அறுபத்தைந்தில் சகாயராணி
"கோடு நேராயிடுச்சு போல" என்றாள்.
உன் வேலைப்புத்தியை இங்கே கொண்டுவராதே என்றேன்.
ஆகாயத்தாமரைக்குப் பின்னால் எழுந்து
எப்போதோ வேறு பக்கம் போயிருக்கும்.
இருவருக்கும் தெரியும்.
இருந்தும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

"ஆறுதுக்கா" என்று சத்தம் கொடுத்தார் மாயழகு,
இரண்டு டம்ளரும் ஊற்றியாகிவிட்டது.
காசு யார் என்று முடிவாகாமல்
எப்படித் திரும்புவது?
அடுத்த தையில் கேட்டால்
எனக்கு வேறு ஏதாவது பிடித்திருக்கலாம்.
"நூற்றிப் பதினொன்று" என்றாள் அவள்,
கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல்.